கேள்வி பதில்: ஒரே நாளில் மூன்று கவர்னர்

போன இதழில் வேறெதற்கோ பதில் சொல்லும்போது, 'கொலராடோவில் 24 மணி நேரத்துக்குள் மூன்று கவர்னர்கள் வந்து போன மாதிரி' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: மூன்று கவர்னர் கதையைப் பாதியில் விட்டால் எப்படி? ஜனாதிபதிதான் ஒருவர் மாற்றி ஒருவராக நியமித்தாரா? (வாசகர், மதுரை)

நியமனமே கிடையாது. டெல்லியிலிருந்து அனுப்பிவைக்கும் நம்ம ஊர் கவர்னரை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கொலராடோ அமெரிக்காவின் ஒரு மாநிலம். அங்கே கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் ஏறக்குறைய நம்ம முதலமைச்சர் மாதிரி. அந்தக் காலத்துக் கொலராடோவில் பதவிக்காலம் இரண்டே வருஷம்.

1904 நவம்பரில் தேர்தல். பதவியில் இருந்தவர் ஜேம்ஸ் பீபடி, குடியரசுக் கட்சி, கேனன் சிட்டி என்ற ஊரில் வங்கி நடத்தியவர். எதிர்த்து நின்றவர் ஆல்வா ஆடம்ஸ், ஜனநாயகக் கட்சி, ப்யூப்ளோ ஊரில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்தவர், ஏற்கெனவே இரண்டு முறை கவர்னராக இருந்தவர். எண்ணி முடித்தபோது ஆடம்ஸுக்கு ஏறக்குறைய 10,000 ஓட்டு அதிகம். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் கொலராடோ குடியரசுக் கட்சியின் தியோடர் ரூஸ்வெல்ட்டைத்தான் ஜெயிக்கவைத்தது. அதாவது ஆயிரக்கணக்கான பேர் ஜனாதிபதிக்கு ஒரு கட்சி, கவர்னருக்கு இன்னொரு கட்சி என்று யோசித்துப் போட்டிருக்கிறார்கள். கட்சி மேல் கோபமில்லை, பீபடி மேல்தான் கோபம்.

1905 ஜனவரி 10 அன்று ஆடம்ஸ் பதவியேற்றார். ஆனால் சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கையில். டென்வர் நகரத்தில் கள்ள ஓட்டு விழுந்தது, உண்மையில் ஜெயித்தது நான்தான் என்று பீபடி வழக்காடினார், அந்த வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதும் அதே சட்டமன்றம்தான். வாரக்கணக்கில் சாட்சிகள். கடைசியில் மார்ச் 16, 17 இரண்டு தேதிகளுக்குள் எல்லாம் முடிந்தது: ஆடம்ஸ் ஜெயிக்கவில்லை என்று இறக்கினார்கள், பீபடிதான் ஜெயித்தார் என்று ஏற்றினார்கள், ஏற்றும்போதே உடனே ராஜினாமா செய்துவிட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். பீபடி உட்கார்ந்தார், எழுந்தார். துணை கவர்னராக இருந்த ஜெஸ்ஸி மெக்டொனால்ட், லெட்வில் ஊர்ச் சுரங்கக்காரர், கவர்னரானார். அந்த நாற்காலிக்கென்று அவருக்கு ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை.

கேள்வி: பீபடிதான் ஜெயித்தார் என்றால் அவரே ஆளட்டும் என்று விட வேண்டியதுதானே? ராஜினாமா எதற்கு? (வாசகி, கோயம்புத்தூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கதையையே எடுத்தேன். அவருடைய கட்சிக்காரர்களிலேயே சிலருக்கு அவரைத் திரும்ப உட்காரவைக்கும் துணிச்சல் இல்லை. ஏனென்று புரிய, இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

கொலராடோ அப்போது தங்கம், வெள்ளி, நிலக்கரி மாநிலம். சுரங்கத்திலும் உருக்காலையிலும் வேலை நேரம் எட்டு மணிதான் இருக்க வேண்டும் என்று 1899-ல் சட்டம் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சரி, அரசியல் சாசனத்தையே திருத்துவோம் என்று 1902-ல் ஜனங்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவு 72,000-க்கும் மேல், எதிர்ப்பு 26,000 சொச்சம். இதற்கு மேல் என்ன தெளிவு வேண்டும்? ஆனால் அதைச் சட்டமாக்க வேண்டிய சட்டமன்றம் 1903-ல் கூடிப் பேசிவிட்டு, ஒன்றும் செய்யாமல் கலைந்துபோனது.

அப்புறம் வேலைநிறுத்தம் வராமல் என்ன செய்யும்? க்ரிப்பிள் க்ரீக், டெல்லுரைடு என்று ஊர் ஊராக மேற்குச் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் இறங்கியது. பீபடி மாநிலப் படையை அனுப்பினார். அந்தப் படைக்கான செலவுக்குப் பணம் கொடுக்க முன்வந்தது யார் தெரியுமா, சுரங்க முதலாளிகள். படையின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்த பிறகு அது யார் பக்கம் சுடும் என்று கேட்கத் தேவையில்லை. விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்தார்கள், ரயிலில் ஏற்றி மாநில எல்லையில் இறக்கிவிட்டார்கள். தொழிலாளர் பக்கமும் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. 1904 ஜூனில் இண்டிபெண்டன்ஸ் ரயில் நிலையத்தில் வெடிகுண்டு வெடித்து, வேலைநிறுத்தத்தில் சேராத 13 தொழிலாளர்கள் செத்தார்கள். பழி சம்மேளனத்தின் மேல் விழுந்தது, யார் சொல்லி வைத்தது என்ற சண்டை இன்றுவரை தீரவில்லை.

ஒரு சுவரொட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'கொலராடோ அமெரிக்காவில்தான் இருக்கிறதா?' என்று மேலே பெரிய எழுத்து, கீழே அமெரிக்கக் கொடி, அதன் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு வரி: ராணுவச் சட்டம் அறிவிப்பு, ஆட்கொணர்வு உரிமை நிறுத்தம் என்று வரிசையாக. கொடியை அவமதித்ததாகச் சொல்லிச் சம்மேளனத் தலைவர் சார்லஸ் மோயரைப் பிடித்தார்கள். அப்புறம் 'ராணுவத் தேவை' என்று இரண்டரை மாதம் உள்ளேயே வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஆட்சிக்குப் பிறகு வந்த தேர்தல் அது. பீபடியை மறுபடி ஏற்றினால் ஊர் பற்றி எரியும் என்று அவர் கட்சிக்காரர்களுக்கே தெரிந்திருந்தது.

கேள்வி: ஆடம்ஸ் தரப்பு நிஜமாகவே கள்ள ஓட்டுப் போட்டதா, இல்லை ஜோடனையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

போட்டது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் காலத்துக் கொலராடோ ஓட்டுச்சீட்டில், மொத்தமாக ஒரே கட்சிக்குப் போடுகிறவர் சீட்டின் மேலே இருக்கும் காலி இடத்தில் கட்சியின் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். பெட்டிகளைத் திறந்து கையெழுத்து நிபுணர்களிடம் கொடுத்தால், கட்டுக் கட்டாகச் சீட்டுகள் ஒரே கையால் எழுதியவை! உட்கார்ந்து எழுதியவருக்குக் கை வலித்திருக்கும், பாவம்.

ஆனால் எதிர்த்தரப்பு என்ன யோக்கியம்? ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. தெற்கே ஹுவெர்ஃபானோ, லாஸ் அனிமாஸ் மாவட்டங்களில் நிலக்கரி கம்பெனிகள் வைத்ததுதான் சட்டம். அங்கே குடியரசுக் கட்சிக்காகத் தில்லுமுல்லு நடந்தது என்று ஜனநாயகக் கட்சியும் புகார் சொன்னது. நகரத்துத் தாதா பெட்டியில் சீட்டைத் திணித்தால் அது மோசடி என்று எல்லோருக்கும் கண்ணில் படும். ஆனால் கம்பெனி இடத்தில், கம்பெனி வீட்டில் இருப்பவன், கம்பெனி ஆள் பார்த்துக்கொண்டிருக்க ஓட்டுப் போட்டால், சீட்டு ஒன்றுதான், கையெழுத்தும் அவனுடையதுதான், நிபுணர் வந்து என்ன கண்டுபிடிப்பார்? இதை நீதிமன்றம் ஒப்புக்கொள்ள இன்னும் வருஷங்கள் ஆயின. 1914-ல் ஹுவெர்ஃபானோவில் நடந்த ஷெரீப் (மாவட்டப் போலீஸ் தலைவர்) தேர்தலில், கம்பெனி வேலிக்குள் இருந்த சாவடிகளின் ஓட்டுகள் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1916-ல் சொன்னது.

கேள்வி: பெண்களுக்கு அப்போது ஓட்டு இருந்ததா? (வாசகி, சேலம்)

இருந்தது. கொலராடோவில் 1893 முதலே. 1904-ல் பெண்கள் முழு ஓட்டுரிமையோடு இருந்த மாநிலங்கள் மொத்தம் நான்குதான்: வயோமிங், கொலராடோ, யூட்டா, ஐடஹோ.

கேள்வி: மூன்று பேரும் அப்புறம் என்ன ஆனார்கள்? (வாசகர், திருச்சி)

மெக்டொனால்ட் சத்தமில்லாமல் 1907 ஜனவரி வரை ஓட்டினார். ஆடம்ஸ் மறுபடி கவர்னராகவில்லை, ஆனால் அவர் தம்பி பில்லி ஆடம்ஸ் 1927-ல் அதே நாற்காலிக்கு வந்து மூன்று பதவிக்காலம் இருந்தார், மகன் அமெரிக்க செனட்டரானார். டென்வரை ஒட்டியுள்ள ஆடம்ஸ் கவுண்டி (மாவட்டம்) ஆல்வா ஆடம்ஸ் பெயரில்தான் இருக்கிறது. பீபடி திரும்ப எந்தப் பதவிக்கும் வராமல் 1917-ல் இறந்தார். அவரைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்னும் படிக்கிறார்கள், வேறு காரணத்துக்காக: சிறையில் கிடந்த மோயர், என்னை அநியாயமாக அடைத்தார் என்று பீபடி மேல் வழக்குப் போட்டார். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1909-ல் மோயர் தோற்றார்.