முட்டிக்குக் கீழே வலி: ஃபோம் ரோலர் உருட்டலாமா?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 6 படிக்கிறான். வாரத்துக்கு நான்கு நாள் காற்பந்துப் பயிற்சி. சில வாரங்களாக முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கிறது, ஓடினால் வலிக்கிறது என்கிறான். ஃபோம் ரோலரில் (தசையை அழுத்தி உருட்டும் நுரை உருளை) உருட்டினால் வலியும் போகும், வேகமும் கூடும் என்கிறார் பயிற்றுவிப்பாளர். செய்யலாமா?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: தொடையில் உருட்டலாம். புடைத்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ‘ஆஸ்குட் ஷ்லாட்டர்’ என்ற வளர்பருவ முட்டிக் கோளாறாக இருக்கலாம். மருத்துவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்யட்டும். மளமளவென்று வளரும் வயதில், முன்தொடைத் தசை ஒவ்வோர் உதையிலும் முட்டிக்குக் கீழுள்ள வளர் எலும்பைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் வலி. அங்கேயே ரோலரை வைத்து அழுத்தினால் நொந்த எலும்பு இன்னும் நோகும்.

வழவழப்பான, மெத்தென்ற ரோலர் போதும். முள்முள்ளாக இருப்பது பிள்ளைகளுக்கு வேண்டாம். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, ரோலரை முன்தொடைக்கு அடியில் வைக்கவேண்டும். முட்டிக்கு நான்கு விரல் மேலே தொடங்கி இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை, நொடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் மெதுவாக உருட்டட்டும். ஒரு காலுக்கு 30 முதல் 60 நொடி, இரண்டு முறை. பிறகு கெண்டைக்கால். முட்டியின் பின்குழியில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுவதால் அங்கே கூடாது. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள். ஐந்தைத் தாண்டினால் அழுத்தம் அதிகம். மூச்சை அடக்கிப் பல்லைக் கடித்தால் தசை இறுகத்தான் செய்யும். மரத்துப்போனால் உடனே நிறுத்தவேண்டும். தசை பிடித்துக் கிழிந்த காயம் என்றால் முதல் சில நாள் ரோலரைத் தொடவே கூடாது.

வேகம் கூடும் என்று நம்பி ஏமாறவேண்டாம். தசையைப் போர்த்தியிருக்கும் உறை, சிலர் சொல்வதுபோல, இதில் ‘பிரிந்து’ போவதில்லை. நரம்பு மண்டலம் சற்று நேரம் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, அவ்வளவே. கால் இலகுவாக மடங்கும், அரைமணி நேரத்துக்குள் அதுவும் குறையும். ஆட்டத்துக்கு முன் 30 நொடி உருட்டிவிட்டு, மெல்லோட்டம், துள்ளல், பக்கவாட்டு ஓட்டம் என்று உடலைச் சூடேற்றுவதே முக்கியம்.

வலியைக் குறைக்கும் உண்மையான மருந்து பயிற்சிப் பளுவைக் குறைப்பதுதான். நான்கு நாளை இரண்டாக்குங்கள். பள்ளி அணி, மன்றம், புளோக்குக்குக் கீழே நண்பர்களோடு ஆடுவது எல்லாமே கணக்கில் சேரும். பயிற்றுவிப்பாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நொண்டினாலோ, இரவில் வலித்து எழுந்தாலோ, முட்டி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ ரோலரை ஓரம் வைத்துவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.