பஸ், பிளேன்ரீ, பூட்டிய கதவு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பில் மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே "விடலாமா, கூடாதா" என்பதுதான்.

கேள்வி: மிஸ், மகனுக்கு 23 வயது, டவுண் சின்ட்ரோம். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வகுப்புக்குத் தனியாகப் பஸ்ஸில் போவேன் என்று அடம்பிடிக்கிறான்.

பதில்: 23 வயதுக்காரர் கேட்பதை அடம் என்று சொல்லாதீர்கள், அம்மா. விடலாம், ஆனால் நாளைக்கே இல்லை. பயத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். காலி வீதியை மஞ்சள் கோட்டில் கடப்பது, இலக்கம் பார்த்து 100இலோ 101இலோ ஏறுவது, பஸ் முழுதாக நிற்கும்வரை இறங்காமல் இருப்பது. இதில் எது வரும், எது வராது என்று அவரோடு இருந்தே பாருங்கள். முதல் கிழமை பக்கத்து சீட். அடுத்த கிழமை இரண்டு சீட் பின்னால், வாய் திறக்கக்கூடாது. அப்புறம் தெஹிவளை ஹோல்ட்டில் போய்க் காத்திருங்கள்.

ஒரு நாள் வேண்டுமென்றே இறங்கும் இடத்தைத் தவறவிடுங்கள். அடுத்த ஹோல்ட்டில் இறங்கி, வீதியைக் கடந்து, திரும்பி வரும் பஸ்ஸைப் பிடிக்கப் பழக்குங்கள். நான் அப்படிப் பழக்கிய ஒரு தம்பி முதல்நாள் நடுங்கி என் கையை விடவே இல்லை. மூன்றாம் முறை அவரே முன்னால் போய்க் கண்டக்டரிடம் இரண்டு பேருக்கும் காசை நீட்டினார். சட்டைப் பையில் தமிழிலும் சிங்களத்திலும் உங்கள் நம்பர் எழுதிய அட்டை இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபின் விழுங்கக் கஷ்டம். தடிப்பாக்கிய பானம்தான் கொடுக்கச் சொன்னார்கள். அவரோ பிளேன்ரீதான் வேண்டும் என்கிறார்.

பதில்: தடிப்பாக்காத தேநீர் நுரையீரலுக்குள் போனால் என்ன நடக்கும் என்று அவருக்கு விளங்குகிறதா? முதலில் பேச்சு சிகிச்சையாளரோடு அவரையும் இருத்திப் பேசுங்கள். தெரிந்துகொண்டும் கேட்டால், அந்த முடிவு அவருடையது. நேராக இருத்தி, களைப்பில்லாத நேரத்தில், சின்னச் சின்ன மிடறாகக் கொடுங்கள். வாயையும் பல்லையும் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள், நியூமோனியா (நுரையீரல் அழற்சி) வரும் அபாயம் அதனால் குறையும். குடித்தபின் குரல் கரகரத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டொக்டரிடம் போங்கள்.

கேள்வி: வீல்செயாரில் இருக்கும் தங்கச்சி குளியலறையைப் பூட்டிக்கொள்கிறாள். விழுந்தால்?

பதில்: வெளியிலிருந்து நாணயத்தால் திறக்கக்கூடிய பூட்டுப் போடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். பூட்டு அவளுக்கே இருக்கட்டும்.

கேள்வி: அண்ணனால் நடக்க முடியாது. அவருடைய காசை நாங்கள்தான் பார்க்கிறோம். சட்டப்படி சரிதானே?

பதில்: நடக்க முடியாததற்கும் காசுக்கும் என்ன தொடர்பு? மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 12ஆம் உறுப்புரைப்படி சட்டத்தின் முன் அவர் எல்லோருக்கும் சமம். முடிவெடுக்க உதவி வேண்டுமென்றால் உதவலாம், அவருக்குப் பதிலாக முடிவெடுக்கக்கூடாது. வங்கிப் புத்தகத்தை இன்றைக்கே அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு வலிப்பு. கல்கிசைக் கடலில் தனியாக நீந்தவேண்டுமாம்.

பதில்: தனியாக என்றால் நான் உடன்படமாட்டேன். தண்ணீரில் வலிப்பு வந்தால் கூப்பிடக்கூட முடியாது. ஆனால் கடலே வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். மருந்து ஒரு வேளையும் தவறாத நாளில், மே முதல் செப்டெம்பர் வரையான கொந்தளிப்புக் காலம் தவிர்த்து, நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க, இடுப்பளவு தண்ணீரில் இறங்கட்டும். யார் நிற்பது என்பதை அக்காவே தெரிவு செய்யட்டும்.