கேள்வி – பதில்: தண்ணீருக்குள் ஒரு கமரா

மகனுக்குப் பன்னிரண்டு வயது. நீருக்கடியில் வீடியோ எடுத்துப் பார்த்தால் பிரீஸ்டைல் நீச்சல் திருந்தும் என்கிறார் பயிற்றுவிப்பாளர். 4கே கமராதான் வாங்க வேண்டுமா? – ஒரு தாய், நல்லூர்

வேண்டாம் அம்மா. 4கே என்பது படத்தின் கூர்மை மட்டுமே. விநாடிக்கு 60 படமாவது எடுக்கிறதா என்று பாருங்கள். அது குறைந்தால், மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும். முழங்கை எப்போது சரிந்தது என்பது பிடிபடாது. பெட்டியில் பெரிய எழுத்தில் 4கே என்று போட்டுவிட்டு, 30 படத்துக்கு மேல் எடுக்காத மலிவுக் கமராக்கள் நிறைய. அதைவிடக் கூர்மை குறைந்த 1080-இல் 60 படம் உங்களுக்குத் தாராளம். 4கே இல்லாத காலத்திலேயே இண்டியானா பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன் தன் வீரர்களை நீருக்கடியில் படம்பிடித்து, கை நேராகப் பின்னுக்குப் போகாமல் வளைந்து போவதைக் கண்டார். 1972 மியூனிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பயின்றவர்தான்.

பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று எடுங்கள். முழங்கை சரிவது பக்கத்திலிருந்து தெரியும். கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டுவது முன்னாலிருந்துதான் தெரியும்.

என் போன் ஐபி68. கசூரினா கடற்கரையில் நீருக்குள் பிடித்து எடுக்கலாமா? கடைக்காரர் தாராளமாக எடுக்கலாம் என்றார். – சுன்னாகம்

எடுக்காதீர்கள். போன் செத்தால் அந்தக் கடைக்காரர் புதிது தரமாட்டார்.

இந்த இலக்கங்களைக் காட்டி நடக்கும் விற்பனை எனக்குத் தீராத கோபம். 6 என்பது தூசிக்கு, 8 என்பது நீருக்கு. நீருக்கான இலக்கம் 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கூட. ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பவரே தீர்மானிக்கிறார். சோதனை அசையாத நன்னீரில் நடக்கிறது. உப்பும் குளோரினும் அந்தக் கணக்கில் இல்லை. புதிதாக இருந்தபோது தாங்கிய போன் இரண்டு தடவை விழுந்தெழும்பிய பிறகும் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை. நீர் புகுந்த போனுக்கு அநேகமான கம்பனிகள் உத்தரவாதமும் தருவதில்லை. இவ்வளவையும் மறைத்து ‘தண்ணி போகாது’ என்று ஒரே வார்த்தையில் விற்பது வாங்குபவரின் தலையில் மிளகாய் அரைப்பது.

கழுத்தில் மாட்டும் பிளாஸ்ரிக் பையும் அப்படித்தான். 30 மீற்றர் என்று அச்சடித்த ஒன்றை நகரத்துக் கடையொன்றில் வாங்கினேன். முதல் நாளே ஓரம் பிரிந்து போன் போனது. விற்றவர் பையின் விலையைக்கூடத் திருப்பித் தரவில்லை. பை வாங்கினால் உள்ளே கடதாசி மட்டும் வைத்து, அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். கடதாசி நனையாவிட்டால் அப்புறம் போனைப் பற்றி யோசிக்கலாம்.

கமரா நீருக்குள் இருக்க, கரையிலிருந்து போனில் வைபை மூலம் நேரடியாகப் பார்க்கலாம் என்று விளம்பரம். உண்மையா? – மானிப்பாய்

இல்லை. ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே வைபை அறுந்துவிடும்.

சேர்த்து வைத்த 18,000 ரூபாவை பேஸ்புக் பக்கமொன்றுக்கு வங்கியில் போட்டு கமரா வாங்கினேன். முதல் நாளே உள்ளே நீர். கேட்டேன், என்னை முடக்கிவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. – மாணவன், பருத்தித்துறை

தம்பி, முதலில் வீட்டில் சொல்லுங்கள். ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும், நீங்கள் அல்ல. வங்கிச் சீட்டு, விளம்பரம், உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். கமராவையும் பெட்டியையும் எறியாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே இந்த வாரமே எழுதுங்கள். யாழ். மாவட்டச் செயலகத்திலேயே அவர்களின் அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி 1977. பணம் போன கணக்கிலக்கத்தோடு பொலிஸிலும் முறைப்பாடு பதியுங்கள். கடிதம் எழுதத் துணை வேண்டுமென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், சேர்ந்து எழுதுவோம்.

இரண்டு கமரா நீர் புகுந்து கெட்டன. இருநூறு வீடியோவுக்கு மேல் இருக்கிறது, மகளின் நீச்சல் முன்னேறவில்லை. மூன்றாவதற்கு எந்தக் கம்பனி நல்லது? – கொக்குவில்

எந்தக் கம்பனியும் வேண்டாம். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணலோ இருந்தாலே நீர் புகும். ஒவ்வொரு முறையும் துடைத்தீர்களா? தடாகத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசினீர்களா? கூட வந்த கையேட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா? கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

இருநூறு வீடியோவை யார் பார்த்தார்கள்? மூச்செடுக்கும்போது முன்னே நீட்டிய கை அமிழ்கிறதா என்பதை மட்டும் இந்த மாதம் பாருங்கள். நீந்தி ஏறிய உடனேயே பிள்ளைக்குக் காட்டுங்கள், திரும்ப நீந்தவிடுங்கள். மூன்றாவது கமராவின் காசைப் பயிற்றுவிப்பாளருக்குக் கொடுங்கள்.

கீரிமலைக் கேணியில் படம்பிடிக்கலாமா? – தெல்லிப்பழை

மற்றவர்கள் குளிக்கும் இடத்தில் நீருக்குள் கமராவை இறக்காதீர்கள். தடாகமொன்றில் அனுமதி கேட்டு, மற்றப் பிள்ளைகள் படத்தில் விழாத நேரமாகப் பார்த்து எடுங்கள்.