முள்ளுக்குப் பயந்து முதுகைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு 36 வயது. பண்ருட்டி பலா மண்டியில் பன்னிரண்டு வருஷமாக லோடுமேன். போன வாரம் தரையில் கிடந்த 25 கிலோ பழத்தை எடுத்து, அப்படியே திரும்பி லாரியில் நின்ற பையனிடம் நீட்டும்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. வலி வலது தொடை வரை இறங்குகிறது. ஜவ்வு விலகிவிட்டது, இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்கிறார்கள். சீசன் நேரம். மறுபடி சுமை தூக்க முடியுமா?
- ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: தம்பி, முதலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிறுநீர் வராமல் அடைப்பது, தெரியாமலே போய்விடுவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, வலியோடு காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ கிளம்பிவிடுங்கள்.

எதுவும் இல்லையென்றால் பயம் வேண்டாம். இந்த மாதிரிப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினாலும் பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிறது. இரண்டு மாதப் படுக்கை மட்டும் வேண்டவே வேண்டாம். தசை வலுவிழந்து, எழுந்திருப்பதே பெரும்பாடாகும். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டிலும் தெருவிலும் நடங்கள். சுளுக்கு வழிக்கவோ இடுப்பை மிதிக்கவோ யாரிடமும் கொடுக்காதீர்கள். தொடை வலி குறையாமல் கீழே இறங்கினால் டாக்டரைப் பாருங்கள்.

என் அப்பா திருப்பாதிரிப்புலியூரில் 100 கிலோ அரிசி மூட்டை சுமந்தவர். ஐம்பது வயதில் அவரால் தரையில் உட்கார முடியாது; சுவரில் சாய்ந்து நின்றபடியே தட்டைக் கையில் வைத்துச் சாப்பிடுவார். நான் பிசியோதெரபி படிக்கப் போனதே அதைப் பார்த்துத்தான். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

நீங்கள் மாட்டிக்கொண்டது எடையால் மட்டுமல்ல. மூட்டையை உடம்போடு அணைத்துக்கொள்ளலாம். பலாவை அணைக்க முடியாது. முள் குத்தும், பால் ஒட்டும் என்று கையை முன்னே நீட்டிப் பிடிக்கிறோம். வினை அங்கேதான். முதுகெலும்பின் மூட்டிலிருந்து முதுகுத் தசை கிட்டத்தட்ட 5 செ.மீ. பின்னால் இருந்துகொண்டு இழுக்கிறது. பழம் 50 செ.மீ. முன்னால் இருந்தால், பத்து மடங்கு விசையோடு இழுத்தால்தான் சரிக்கட்ட முடியும். அதாவது 25 கிலோ பழத்துக்கு 250 கிலோ அளவு இழுப்பு. அதே அழுத்தம் ஜவ்வின் மேலும் விழுகிறது. பழத்தை 25 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அது பாதியாகிவிடும். குனிந்த உடம்பின் கனம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆகவே, ஒரு கெட்டிச் சாக்கை நான்காக மடித்து மார்பிலிருந்து தொடை வரை தொங்கும்படி கழுத்திலும் இடுப்பிலும் கட்டிக்கொள்ளுங்கள். கையுறையும் போடுங்கள். பிறகு முள்ளைப் பற்றிய கவலை இல்லாமல் பழத்தைக் கட்டி அணைக்கலாம். அடுத்தது திரும்புவது. இடுப்பை முறுக்காமல் காலை எடுத்துவைத்து முழு உடம்போடு திரும்புங்கள். குனிந்த நிலையில் முறுக்குவதைத்தான் ஜவ்வு தாங்குவதில்லை. உங்களுக்கு நடந்ததும் அதுவே. விடியற்காலை முதல் அரை மணி நேரம் சின்னப் பழங்களை எடுங்கள். ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு நீர் ஏறி உப்பியிருக்கும், காலையில் குனிவது அதற்குக் கூடுதல் பாரம்.

மண்டி முதலாளியிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பழத்தைத் தரையில் கொட்டாமல் முட்டி உயரத்துக்கு மேல் ஒரு பலகை மேடையில் இறக்கச் சொல்லுங்கள். பெரிய பழத்துக்கு இரண்டு பேர். இது சலுகை இல்லை. மனிதன் தூக்கும் சுமை பற்றி சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-ல் கொண்டுவந்த உடன்படிக்கையை இந்தியா 2010-ல் ஏற்றது. அதனுடன் வந்த பரிந்துரை வளர்ந்த ஆணுக்கு வைத்த உச்சம் 55 கிலோ. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமோ, உடம்பை ஒட்டி, முறுக்காமல், இடுப்பு உயரத்தில் எடுத்தால்கூட 23 கிலோ என்றுதான் கணக்கைத் தொடங்குகிறது. நீங்கள் தரையிலிருந்து 25 கிலோவை, கையை நீட்டி, முறுக்கித் தூக்கியிருக்கிறீர்கள்.

தூக்க முடியுமா என்று கேட்டீர்களே, முடியும். வலி அடங்கிய பிறகு ஐந்து கிலோ பிஞ்சுக் காயில் ஆரம்பியுங்கள். ஒரே நாளில் பழைய கணக்குக்குப் போக வேண்டாம்.

கேள்வி: எங்கள் மளிகைக் கடையில் எல்லோருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கித் தருகிறார்கள். போட்டுக்கொண்டால் 50 கிலோ சர்க்கரை மூட்டையைத் தைரியமாகத் தூக்கலாமா?
- ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: கூடாது, தங்கச்சி. நல்ல உடம்பில் பெல்ட் போட்டால் முதுகில் அடிபடாது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. வீண் தைரியம் வந்து கூடுதலாகத் தூக்கிவிடவும் கூடும். அந்தக் காசுக்கு இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். சர்க்கரையை மொத்தமாக வாங்கும்போதே 25 கிலோ மூட்டையாகக் கேட்டுப் பார்க்கலாம். அதையும் இரண்டு பேராகப் பிடியுங்கள்.