ஐரோப்பாவில் கடிதம் எழுதுவதை ஒரு கலையாகப் பாடம் சொல்லிக்கொடுத்த முதல் ஆள் யார்?

வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் மொன்டே கசினோ ஆல்பெரிக். 11ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வாழ்ந்த பெனடிக்டின் துறவி. அந்த 'முதல்' என்ற சொல்லில் ஒரு தகராறு இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஓர் அலுவலகத்தில் இருபது வருஷம் டிராஃப்ட் போட்டே காலம் தள்ளியவன் நான். எழுதுவது நான், கையெழுத்து மேலதிகாரியுடையது. அதனாலோ என்னவோ, இந்தத் துறவி மேல் எனக்கு ஒரு தனி ஒட்டுதல்.

மொன்டே கசினோ ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையே மலைமேல் இருக்கும் மடம். புனித பெனடிக்ட் 529 வாக்கில் நிறுவியது. ஆல்பெரிக் காலத்தில் மடாதிபதி டெசிடேரியுஸ். 1071இல் புதிய பேராலயம் கட்டி முடித்தவர், பின்னால் போப்பும் ஆனவர். அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் பெயர்த்த கான்ஸ்டன்டைன் ஆப்ரிக்கானுஸும் இதே மடத்தில்தான் இருந்தார். அப்படி ஒரு இடத்தில் ஆல்பெரிக் வாத்தியார்.

பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ காலத்துப் பேச்சுக்கலை நீதிமன்றத்துக்கும் மன்றத்துக்கும் உரியது. ஆயிரம் வருஷம் கழித்து அந்த மேடைகள் ஏது? அரசன், பிஷப், போப் எல்லாருடைய காரியமும் கடிதத்தில்தான் நடந்தது. அதுவும் பெரும்பாலும் சபையில் உரக்கப் படிக்கப்படும் கடிதம். ஆக, மேடைக்கு இருந்த இலக்கணத்தை எழுத்துக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. ஆல்பெரிக்கின் 'ஃப்ளோரெஸ் ரெட்டோரிசி', 'பிரெவியாரியும் டி டிக்டாமினே' என்ற இரண்டு நூல்களும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. வாக்கியத்தை எப்படி அலங்கரிப்பது, யாரை எப்படி விளித்துத் தொடங்குவது, இதெல்லாம் அவற்றில் வருகிறது.

விளிப்பில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். யார் பெயர் முதலில் வருகிறது, என்ன அடைமொழி போடுகிறோம் என்பதில்தான் அன்றைய அரசியலே இருந்தது. பெரியவருக்கு எழுதினால் அவர் பெயரை முன்னே போடுவது மரியாதை. 1076இல் ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி, போப் ஏழாம் கிரிகோரிக்கு எழுதிய கடிதத்தில் தன் பெயர்தான் முதலில். அபகரிப்பால் அல்ல, கடவுளின் நியமனத்தால் அரசனான ஹென்றி, இனி போப் அல்லாத போலித் துறவி ஹில்டெபிராண்டுக்கு என்று ஆரம்பிக்கிறான். ஹில்டெபிராண்ட் என்பது கிரிகோரியின் பழைய பெயர். விஷயத்துக்கு வருவதற்கு முன்பே சண்டை தொடங்கியாயிற்று! இந்தச் சச்சரவில் ஆல்பெரிக்கும் ஹென்றிக்கு எதிராக ஒரு நூல் எழுதியதாக மடத்தின் வரலாறு எழுதியவர் குறித்திருக்கிறார்.

ஆல்பெரிக்கின் மாணவர்களில் கயேத்தா ஜான் என்பவர் 1089இல் போப்பின் கடித அலுவலகத்துக்குத் தலைவரானார். சுமார் முப்பது வருஷம் அங்கே இருந்துவிட்டு 1118இல் இரண்டாம் கெலாசியுஸ் என்ற பெயரில் போப்பும் ஆனார். போப் அனுப்பும் கடிதங்களில் வாக்கியங்கள் குறிப்பிட்ட தாளக்கட்டில் முடிய வேண்டும் என்ற பழைய வழக்கத்துக்கு உயிர் கொடுத்தவர் இவர்தான் என்பார்கள். 'குர்சுஸ்' என்று அதற்குப் பெயர். வந்த கடிதம் அசலா போலியா என்று பார்க்கவும் பின்னால் இந்தத் தாளம் உதவியது.

சரி, அந்தத் தகராறு. விளிப்பு, மனத்தை இளக்கும் நாலு வார்த்தை, நடந்தது, வேண்டுகோள், முடிப்பு என்ற ஐந்து பகுதிக் கட்டமைப்பு ஆல்பெரிக்குடையது அல்ல. அது 12ஆம் நூற்றாண்டில் இத்தாலிய நகரமான போலோன்யாவின் ஆசிரியர்கள் கையில் உருப்பெற்றது. அவர்களில் ஒருவரான அடால்பெர்ட்டுஸுக்கு ஆல்பெரிக்கின் நடையே பிடிக்காது, கரடுமுரடு என்று திட்டுவார். அதே ஊர் ஹியூகோ ஆல்பெரிக் பக்கம் நின்றார். என்னைக் கேட்டால், விதை மலைமேல், நாற்றங்கால் போலோன்யாவில்.

எனக்குச் சிரிப்பு வருவது வேறொரு இடத்தில். பெனடிக்டின் மட விதிகளில் 54ஆம் அத்தியாயம், மடாதிபதியின் அனுமதி இல்லாமல் துறவி யாருக்கும் கடிதம் அனுப்பவோ யாரிடமிருந்தும் வாங்கவோ கூடாது என்கிறது, பெற்றவர்களிடமிருந்து வந்தாலும்கூட. போப்பின் அலுவலகத்துக்கே ஆள் தயார் செய்து அனுப்பிய வாத்தியார், வீட்டுக்கு நாலு வரி எழுத நினைத்தால் முதலில் டெசிடேரியுஸ் முன்னால் போய் நின்றிருக்க வேண்டும்.