பாட்டியின் ரிமோட்டுக்கு 38 வெள்ளி பூஸ்டர் தேவையா?

கேள்வி: ஐயா, படுக்கையில் இருக்கும் என் பாட்டிக்கு டிவி ரிமோட்டின் சின்னப் பொத்தான்களை அழுத்த வரவில்லை. அதனால் அர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகையில் ஒரே ஒரு பெரிய பொத்தான் வைத்து, அலைவரிசை மாற்றும் பெட்டி ஒன்று செய்தேன். இன்ஃப்ராரெட் எல்இடியை 220 ஓம் ரெசிஸ்டரோடு நேராக ஊனோவின் பின்னில் (கம்பி செருகும் முனையில்) மாட்டியிருக்கிறேன். டிவிக்கு இரண்டடி அருகில் பிடித்தால்தான் வேலை செய்கிறது. பட்டணத்துக் கடையில் 38 வெள்ளிக்கு ஒரு ‘பூஸ்டர்’ வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. இரண்டடியில் அலைவரிசை மாறுகிறது என்றாலே உங்கள் புரோகிராம் சரி. குறைவது எல்இடியின் வெளிச்சம்தான். அதற்கு ஒரு டிரான்சிஸ்டரும் இரண்டு ரெசிஸ்டரும் போதும்.

இப்போது உங்கள் எல்இடிக்குச் சுமார் 17 மில்லிஆம்பியர்தான் போகிறது. டிவி ரிமோட்டுகள் 100 மில்லிஆம்பியர், அதற்கு மேலும்கூட, துடிப்புத் துடிப்பாக அனுப்புகின்றன. அதற்காக 220 ஓமைக் குறைத்துவிடாதீர்கள். ஊனோவின் ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்பியர் வரைதான் நல்லது. 40 அதன் உச்ச வரம்பு. தாண்டினால் சிப் போய்விடும், பாட்டியின் பெட்டியும் அதோடு சரி.

டிரான்சிஸ்டர் இருந்தால் ஊனோவின் பின்னிலிருந்து சிறு மின்னோட்டம் கொடுத்தால் போதும்; பெரிய மின்னோட்டம் நேராக 5 வோல்ட்டிலிருந்து வரும். டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால்கள். பின்னிலிருந்து 470 ஓம் வழியாக பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு. எல்இடியின் நீளக் காலை 33 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கும், குட்டைக் காலைக் கலெக்டருக்கும் கொடுங்கள். எல்இடி 1.4 வோல்ட், டிரான்சிஸ்டர் 0.2 வோல்ட் எடுத்தது போக மிச்சம் 3.4. அதை 33ஆல் வகுத்தால் 100 மில்லிஆம்பியர் சொச்சம். 33 ஓமை அரை வாட்டாகக் கேட்டு வாங்குங்கள். புரோகிராம் நடுவில் நின்று எல்இடி விடாமல் எரிந்தால் கால் வாட் தாங்காது.

டிரான்சிஸ்டர் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பிசி547 எங்கும் கிடைக்கும், ஆனால் அதன் வரம்பே 100 மில்லிஆம்பியர், விட்டுவிடுங்கள். பிஎன்2222ஏ அல்லது எஸ்8050 கேளுங்கள். பி2என்2222ஏ என்றும் ஒன்று உண்டு. ஒரே எழுத்து வித்தியாசம்தான், ஆனால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்கப் பிடித்தால் பிஎன்2222ஏவின் கால்கள் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். மேலே அச்சிட்ட எழுத்தைப் படித்துவிட்டே பற்றவையுங்கள்.

எல்இடியின் ஒளி அலைநீளம் 940 நானோமீட்டராக இருக்கட்டும். 850 என்பது பெரும்பாலும் சிசிடிவி கேமராக்களுக்குப் போவது. இருட்டில் மங்கலாகச் சிவக்கும். ஜோடியாக விற்பதில் கறுப்புத் தலை உள்ளது பொதுவாக ஒளியை வாங்கும் ரிசீவர். அது ஒளி அனுப்பாது. பொத்தானை அழுத்திக்கொண்டு கைப்பேசியின் செல்ஃபி கேமராவில் பாருங்கள், ஊதா நிறத்தில் மினுக்கினால் எல்இடி நல்லது. பின்பக்கக் கேமராவில் சில சமயம் தெரியாது.

அனுப்பும் எல்இடி என்று சொல்லி ரிசீவரைக் கொடுத்திருந்தால் ரசீதோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். விற்கும் பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. சில காசுப் பொருளாயிற்றே என்று தயங்காதீர்கள்.