கிணற்றுச் சேற்றில் வந்த வண்டுச் சிறகு: வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

கேள்வி: எங்கள் வளவில் பூட்டன் காலத்துக் கிணறு ஒன்று தூர்ந்து கிடந்தது. இந்த ஆனி மாதம் அதைத் தூர் எடுத்தபோது, அடியிலிருந்த கறுப்புச் சேற்றில் பச்சையும் செம்பு நிறமுமாக மினுங்கும் சிறு ஓடுகள் வந்தன. வண்டுச் சிறகு என்கிறார் அம்மா. சேற்றைத் தென்னைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: போடாதீர்கள் தம்பி. மீதியிருக்கும் சேற்றையாவது காப்பாற்றுங்கள்.

அம்மா சொன்னது சரி. அவை வண்டின் மேற்சிறகுகள். வண்டின் வன்மையான கோதில் கைற்றின் என்ற பொருள் இருக்கிறது. எப்போதும் நீர் நிற்கிற, காற்றுப் புகாத சேற்றில் பூஞ்சணமும் பக்டீரியாவும் அதை எளிதில் சிதைக்க முடியாது. சதை போய்விடும், தலையும் மார்பு ஓடும் மேற்சிறகும் நூற்றாண்டுக் கணக்கில் நிறம்கூடக் கெடாமல் கிடக்கும். கோடையில் காய்ந்து மாரியில் நனைகிற மேல்மண்ணில் இவை தங்குவது அரிது.

இவற்றை வைத்து என்ன அறியலாம்? இங்கிலாந்தின் யோர்க் நகரில் கொப்பர்கேட் தெருவை 1976 முதல் 1981 வரை அகழ்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், வட ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய வைக்கிங் மக்கள் வாழ்ந்த வரிச்சுச் சுவர் வீடுகளின் தரை, ஈரம் காயாமல் கிடைத்தது. ஹரி கென்வேட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தத் தரைமண்ணைக் கழுவிப் பூச்சித் துண்டுகளைப் பிரித்தார்கள். மனிதப் பேனும் தெள்ளும் இருந்தன. கூடவே செம்மறியாட்டின் பேனும் இருந்தது. ஆட்டுப் பேன் வீட்டுத் தரைக்கு எப்படி வந்தது? உள்ளே உட்கார்ந்து கம்பளி மயிரைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அதிலிருந்து உதிர்ந்தவை அங்கேயே மிதிபட்டுக் கிடந்திருக்கின்றன. அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தச் சாசனத்திலும் இல்லை. பழைய மண்ணில் கிடக்கும் பூச்சித் துண்டுகளை ஆராயும் இந்தத் துறை மீது எனக்குத் தீராத பற்று வந்தது இதனால்தான். அம்பாறைப் பக்கத்தின் பழைய பௌத்தத் தூபியான தீகவாபியைப் பார்த்து நாம் அரசர்களைப் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் காலத்தில் வட்டையில் உழுதவனின் பாயில் மூட்டைப்பூச்சி இருந்ததா, அவன் மாட்டை எங்கே கட்டினான் என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் கிணற்றுக்கும் இதே கேள்விகளைப் போடலாம். சாணி வண்டு மிகுதியாக விழுந்திருந்தால் பெரும்பாலும் பக்கத்தில் மாடு நின்றிருக்கிறது. அரிசி வண்டு நிறைய இருந்தால் அருகில் நெல்லோ அரிசியோ சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தூர் எடுக்கும்போது மேலேயிருந்து விழுந்த நேற்றைய வண்டும் கலந்திருக்கக் கூடும். அதனால் ஆழம் முக்கியம்.

சேற்றைக் காயவிடாதீர்கள், காய்ந்தால் ஓடு சுருண்டு நொறுங்கிவிடும். ஆழத்துக்கு ஒரு வாளி வைத்து, எத்தனை அடியில் எடுத்தது என்று பென்சிலால் எழுதி, இறுக மூடி நிழலில் வையுங்கள். பிறகு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரிடம் காட்டிக் கேளுங்கள். ஓடுகளைப் பிரிக்க மண்ணெண்ணெய் போதும் என்றால் வியப்பீர்கள். சேற்றை 0.3 மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் கழுவி, மிஞ்சியதில் மண்ணெண்ணெயைக் கலந்து, குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவார்கள். எண்ணெய் பட்ட பூச்சி ஓடு மிதக்கும். செடித் துண்டுகளில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஒருமுறை குழப்பிய சேற்றைப் பழையபடி அடுக்க முடியாது.

கேள்வி: அரிசியில் வண்டு விழுவது இரசாயன உரம் வந்த பிறகுதான் என்கிறார் என் மாமனார். உண்மையா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: இல்லை. அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள். ஜப்பானின் தனேகஷிமா தீவில் கிடைத்த, ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையான பானை ஓடுகளில், களிமண்ணில் சிக்கிய வண்டின் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது. அரிசி வண்டின் நெருங்கிய உறவு அது. நெல் அங்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே, மக்கள் சேர்த்து வைத்த காட்டுக் கொட்டைகளைத் தின்று அது வாழ்ந்திருக்கிறது.

கோதுமைக் களஞ்சியங்களில் வாழும் இன்னொரு இனத்துக்குப் பறக்கவே இயலாது. தானியத்தோடு மனிதன் சுமந்து போனால்தான் தொலைவூருக்கு அது போகும். பிரித்தானியாவில் உரோமர் படை கி.பி. 43இல் இறங்கிய பிறகுள்ள மண்ணில்தான் அது தென்படுகிறது. அதே யோர்க்கில் உரோமர் காலக் களஞ்சியம் ஒன்றின் மண்ணில் இந்த வண்டுகள் குவிந்து கிடந்தன. கட்டடத்தைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தைக் களிமண் கொட்டி மூடியிருக்கிறார்கள். சூடடித்த நெல்லைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்த எவருக்கும் அந்தக் களஞ்சியக்காரரின் வயிற்றெரிச்சல் விளங்கும்.

கேள்வி: பேன் இருப்பது ஏழ்மையின் அடையாளம் என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். உண்மைதானா?
– மாணவி, அக்கரைப்பற்று

பதில்: கேலி செய்பவர்களுக்கு இதை வாசித்துக் காட்டு மகள். இஸ்ரேலில் லாகிஷ் என்ற பழைய நகரில் 2016இல் யானைத் தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது. நீளம் வெறும் 3.5 சென்ரிமீற்றர். அதில் கானானியர் என்ற பழைய மக்களின் எழுத்தில் பொறிப்பு இருப்பது 2022இல்தான் வெளியானது. "இந்தத் தந்தம் தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை வேரறுக்கட்டும்" என்பது அதன் பொருள். காலம் கி.மு. 1700 அளவு. பல்லிடுக்கில் பேன் குஞ்சின் கோதும் ஒட்டியிருந்தது. அந்த ஊரில் யானை இல்லை. தந்தம் வெளியிலிருந்து வர வேண்டும். அதை வாங்கும் வசதி படைத்தவர் தலையிலும் தாடியிலும் பேன் இருந்திருக்கிறது. தலையோடு தலை முட்டினால் அது யாருக்கும் தொற்றும். ஈரத் தலையில் நெருக்கமான பல்லுள்ள சீப்பால் சீவு. உன் பக்கத்தில் அமரும் தோழியையும் அதே நாட்களில் சீவச் சொல்.